மூன்றாவது இதழோடு நின்ற அதியமான்

அன்புள்ள ஐயா,

அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியில் முத்து, லயன், ராணி காமிக்ஸ்களுக்கு நடுவே அதியமான் கதை சித்திரக்கதையாக மூன்று இதழ் இருந்தது. தருமபுரியில் வெளியானதாகப் போட்டு, ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. மூன்றாவது இதழ், ஔவையார் தொண்டைமானின் படைக்கொட்டிலுக்குள் நுழைவதோடு 'தொடரும்' என்று முடிகிறது. நான்காவதைப் பெட்டி முழுக்கத் தேடிவிட்டேன். அது வந்ததா? டிவி வந்ததால் நிறுத்திவிட்டீர்களா?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள். இத்தனை வருடம் அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார் என்று படித்ததும் வேறு வேலை ஓடவில்லை.

நான்காவது இதழ் வரவில்லை. 1993-ல் ஆரம்பித்தோம், மறு வருடமே நின்றுவிட்டது. டிவி மேல் பழி போட மாட்டேன். எங்கள் இதழ் விற்றது. விற்றதுதான் எங்களைக் கவிழ்த்தது.

அன்று காமிக்ஸ் என்றால் சிவகாசி. முத்து 1972-ல் வந்தது, லயன் 1984-ல். அதே 1984-ல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகள். இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள் மூன்று பேரும். ஆனாலும் தகடூர்க் கதையை (தகடூர்தான் இன்றைய தருமபுரி) தருமபுரிக்காரன் வரைய வேண்டும் என்பது எங்கள் ஓவியரின் பிடிவாதம். போர்டு எழுதிப் பிழைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்கு முன்னால் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். உங்களிடமுள்ள முதல் இதழை எடுத்துப் பாருங்கள், வீரர்கள் வில் பிடித்திருக்கும் விதம் அந்தக் கல்லில் இருப்பதுதான். வசனக் கூண்டுகளையும் பாருங்கள். மொழிபெயர்ப்புக் காமிக்ஸில் ஆங்கிலத்துக்கு வரைந்த கூண்டுக்குள் நீளமான தமிழ்ச் சொற்களை நெருக்கித் திணிக்க வேண்டியிருக்கும். இவர் முதலில் வசனத்தை எழுதிவிட்டு, அதைச் சுற்றிக் கூண்டு போட்டு, மிச்ச இடத்தில்தான் ஆளை வரைவார். அதனால்தான் எழுத்து அவ்வளவு தாராளமாக மூச்சுவிடுகிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். முதல் இதழ் ஆயிரம் பிரதி. ஒரே மாதத்தில் தீர்ந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் ஏஜென்ட்கள் கூடுதலாகக் கேட்டார்கள். சந்தோஷத்தில் இரண்டாவதை மூவாயிரமாக்கினோம். காகிதக் கடைக்கும் அச்சகத்துக்கும் உடனே ரொக்கம். ஏஜென்ட் பணமோ விற்றது போக மிச்சத்தைத் திருப்பி அனுப்பிய பிறகு, மூன்று நான்கு மாதம் கழித்துத்தான். முதல் இதழின் காசு கைக்கு வருவதற்குள் மூன்றாவது மெஷினில் ஏற வேண்டும். ஆயிரம் பிரதி என்றால் அந்த இடைவெளியைக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். மூவாயிரத்துக்குக் கடனும் மூன்று மடங்கு. ஓவியர் மனைவியின் வளையல் அப்படித்தான் அடகுக்குப் போனது.

அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் இரண்டாம் இதழ் கட்டு ஒன்று திரும்பி வந்தது. 'விற்கவில்லை' என்று சீட்டு. கட்டியிருந்த சணலில் ஓவியர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. யாரும் பிரிக்கவே இல்லை. அவர் அந்த முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனார். அந்த ஏஜென்ட் யாரென்று இப்போது சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது என்பது வெகு காலம் கழித்துத் தெரிந்தது. சான் டியேகோவில் ஷேன்ஸ் என்ற அண்ணன் தம்பி, சிறுவர்களாகத் தபாலில் காமிக்ஸ் விற்க ஆரம்பித்து, 1981-ல் பசிபிக் காமிக்ஸ் என்று சொந்தமாகப் போட்டார்கள். ஜாக் கிர்பி போன்ற ஓவியரே அவர்களுக்கு வரைந்தார், படைப்பின் உரிமையையும் வரைந்தவருக்கே விட்டார்கள். அந்த ஒன்றுக்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை. அங்கே காமிக்ஸுக்கென்றே உள்ள கடைகள் வாங்கிய இதழைத் திருப்பக் கூடாது என்பது ஏற்பாடு. ஆகா, நமக்கு அது இருந்திருந்தால் என்று தோன்றியது. ஆனால் அவர்களும் 1984-ல் மூடினார்கள். விநியோகத்தையும் அவர்களே பார்த்தார்கள், கடைகளுக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை. இதழ்கள் பெருகப் பெருக வெளியே நிற்கும் பணமும் பெருகியது.

லயன்-முத்து 2012-ல் புது வடிவில் திரும்பி வந்து இன்றும் நடக்கிறது. வாசகரிடம் முன்கூட்டியே சந்தா வாங்குகிறார்கள், புத்தகக் கண்காட்சியில் நேரடியாக விற்கிறார்கள். உங்கள் அப்பா மாதிரி நூறு பேரிடம் நாங்களும் சந்தா கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

ஓவியர் இப்போது இல்லை. நான்காவது இதழின் 24 பக்கமும் என் பீரோவில் இருக்கிறது. தொண்டைமான் கொட்டிலில் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி வைத்த வேல்களை ஔவை பார்ப்பதிலிருந்து 19 பக்கம் மை போட்டு முடித்திருக்கிறார். தகடூர்க் கோட்டை விழும் கடைசி ஐந்து பக்கம் பென்சில் கோடுதான், கூண்டுகளில் வசனம் மட்டும் இருக்கிறது. முகவரி அனுப்புங்கள், ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன். பென்சில் பக்கங்கள் மங்கலாக விழும், அவற்றை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள்.