ஸ்டிக்கரில் 3,200 வாட், ஃப்யூஸில் 30 ஆம்பியர்

கேள்வி: ஜே.சி. ரோடு கடையில் ‘3,200 வாட்’ என்று போட்ட நாலு சானல் கார் ஆம்ப்ளிஃபயர் புதிதாக 5,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு 15 ஆம்பியர் ஃப்யூஸ். அதே காசுக்கு என் நண்பர் தன் பழைய ஆம்பைத் தருகிறார். அதில் ‘75 வாட் ஆர்.எம்.எஸ். x 4’ என்றுதான் இருக்கிறது, இரண்டு 20 ஆம்பியர் ஃப்யூஸ். இரண்டுமே கிளாஸ் ஏபி. பவர் அதிகம் என்று புதிதையே எடுத்துவிடலாமா?
- வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: வேண்டாம். ஃப்யூஸ் அளவையும் எழுதி அனுப்பினீர்கள் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. வண்டி ஓடும்போது ஆம்புக்குச் சுமார் 14 வோல்ட் கிடைக்கும். 30 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் 420 வாட். தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான். கிளாஸ் ஏபி என்ற இந்த வகை ஆம்பில் முழுச் சத்தத்தில் 60 சதவீதம் போல ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகிவிடும். ஆக 250 வாட், ஒரு சானலுக்கு 60 சொச்சம். 420 உள்ளே போய் 3,200 வெளியே வர வழியே கிடையாது.

நண்பருடையதற்கும் இதே கணக்கைப் போடுங்கள். 560 உள்ளே போனால் 330 போல வெளியே வரும். எழுதியிருப்பது நாலு சானலுக்கும் சேர்த்து 300. ஆர்.எம்.எஸ். என்றால் தொடர்ந்து தரக்கூடிய வாட். உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார்கள். சி.இ.ஏ. 2006 என்ற அளவீட்டுத் தரக் குறியும் இருந்தால் இன்னும் நிம்மதி. 14.4 வோல்ட்டில், 4 ஓம் லோடில், ஒலிச்சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் அளந்த வாட் என்று அதற்கு அர்த்தம். எந்த நிலையில் அளந்தது என்று சொல்லாத வாட்டை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

60க்கும் 75க்கும் காதில் பெரிய வித்தியாசம் தெரியாது. வாட் இரண்டு மடங்கானாலே 3 டெசிபல்தான் ஏறும். நான் பழையதை எடுக்கச் சொல்வது உழைப்புக்காக. ஆனால் பழைய பொருளைத் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. அடித்தட்டைக் கழற்றுங்கள். கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தால் ஆகாது. டிரான்சிஸ்டர்கள் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கோடு இறுக்கமாகப் பதிந்திருக்கின்றனவா, அவற்றைச் சுற்றி போர்டு கருகியிருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் ஈயம் புதிதாகப் பளபளக்கிறதா என்று பாருங்கள். பளபளத்தால் அங்கே என்ன மாற்றினார் என்று நண்பரிடம் கேளுங்கள்.

அப்புறம் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் போடாமல் ஆம்பை ஆன் செய்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டிசியில் வையுங்கள். நாலு சானலிலும் 50 மில்லிவோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. ஒன்றில் வோல்ட் கணக்கில் காட்டினாலும் விட்டுவிடுங்கள். அந்த டிசி உங்கள் ஸ்பீக்கர் காயிலைச் சுட்டுவிடும். கடைசியாக ஸ்பீக்கரை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் பாட வையுங்கள். கை வைத்தால் சுடும், பரவாயில்லை. நின்றுபோகக் கூடாது.

ஆம்பைக் கையில் தூக்கி எடை பார்ப்பவர்கள் உண்டு. கிளாஸ் ஏபிக்கு அது ஓரளவு சரி, டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினியமும் கனம் காட்டும். கிளாஸ் டி என்ற இன்னொரு வகைக்கு எடை பார்க்க வேண்டாம். 80 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே போய்விடுவதால் அதற்குச் சின்ன உடம்பு போதும்.

கேள்வி: மத்தியான வெயிலில் சில்க் போர்டு நெரிசலில் மாட்டினால் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றுவிடுகிறது. காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. மாற்றிவிட வேண்டுமா?
- வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: சரியாக வேலை செய்கிற ஆம்ப் அது, அவசரப்பட்டு மாற்றாதீர்கள். சூடு தாங்காமல் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டால் மூடி வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுக் காற்று போக வழி செய்யுங்கள்.

அப்படியும் நின்றால் வயரைப் பாருங்கள். எஞ்சின் ஓட, பாட்டு சத்தமாகப் பாட, பேட்டரியில் ஒரு முறையும் ஆம்ப் முனையில் ஒரு முறையும் வோல்ட் எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ எர்த்திலோ கோளாறு. எர்த் போல்ட்டின் அடியில் பெயின்டைச் சுரண்டி, வெறும் தகடு தெரிந்த பிறகுதான் முறுக்க வேண்டும். வயரில் ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமன் செம்பைவிட மின்தடை ஒன்றரை மடங்கு போல இருக்கும். வயரை மாற்றும்போது பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃப்யூஸும் போடச் சொல்லுங்கள். அது வண்டி தீப்பிடிக்காமல் இருக்க, கட்டாயம் வேண்டும்.

இரண்டு 4 ஓம் ஊஃபர்களை இணையாகச் சேர்த்து பிரிட்ஜில், அதாவது இரண்டு சானலை ஒன்றாக்கி, போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் ஆம்ப் பார்ப்பது 2 ஓம். ஓம் குறைந்தால் ஆம்புக்குச் சுமையும் சூடும் கூடும். பெரும்பாலான நாலு சானல் ஆம்ப்களுக்கு பிரிட்ஜில் 4 ஓம்தான் எல்லை. ஒரு ஊஃபரைக் கழற்றிவிட்டு அதே வெயிலில் ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் ஆம்புக்குச் செலவே இல்லை.