சாலை விபத்தைத் தடுக்க உலக நாடுகள் கூடிப் பேசுவதால் நம் ஊருக்கு என்ன பயன்?

"ஹெல்மெட் போடாதவனையும் குடித்துவிட்டு ஓட்டுகிறவனையும் திருத்தாமல், ஐ.நா. தீர்மானம், ஸ்வீடன் முறை என்று பேசிக்கொண்டிருந்தால் இங்கே ஒரு உயிராவது பிழைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைக்கும் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல, முதலில் என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். 14 வருஷமாக வண்டியில்தான் போய் வருகிறேன். அப்பா இருப்பது அதே ரோட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலை நேரம், டிவிஎஸ் 50-இல் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது கார் அடித்துவிட்டது. வலது காலில் இன்றைக்கும் ராடு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: "பாத்துப் போயிருக்கலாமே." போலீஸ் எழுதிக்கொண்டதிலும் கவனக்குறைவு என்றுதான் இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், அவரிடம் கோபமாகக்கூடப் பேசினேன்.

ஒரு மாதம் கழித்து அந்த இடத்தில் போய் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மெயின் ரோட்டுக்கு ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, ரோடு முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது, தெரு பழைய மட்டத்திலேயே பள்ளத்தில் கிடக்கிறது. அந்தச் சரிவில் ஒரு டிவிஎஸ் 50 ஏற வேண்டுமென்றால் முறுக்கினால்தான் ஏறும், முறுக்கினால் மேலே வந்ததும் நிற்காது, நேராக ரோட்டுக்குள் பாயும். நின்று இரண்டு பக்கமும் பார்க்க ஒரு வண்டி நீளத்துக்குக்கூடச் சமமான இடம் கிடையாது. போதாக்குறைக்கு மூலையில் ஒரு கல்யாண டிஜிட்டல் பேனர், வலது பக்கம் வரும் வண்டியே தெரியாது. அந்த இடத்தில் அப்பாவுக்கு முன்னாலும் இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவர்களையும் "பாத்துப் போயிருக்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகிவிடாதபடி சாலையையும் வண்டியையும் வேகத்தையும் அமைப்பது அவற்றை அமைக்கிறவர்களின் பொறுப்பு. இந்த எண்ணத்தை ஒரு நாடு சட்டமாக்கியது 1997 அக்டோபரில். ஸ்வீடன் நாடாளுமன்றம் 'விஷன் ஜீரோ' என்ற பெயரில் அதை ஏற்றுக்கொண்டது. அந்த வருஷம் அங்கே சாலையில் இறந்தவர்கள் 541 பேர், 2020-இல் 204 பேர். அங்கே குடிகாரர்களே இல்லாமல் போய்விடவில்லை, தூங்கிக்கொண்டே ஓட்டுகிறவனும் இருக்கிறான். ஆனால் எதிரெதிர் வண்டிகள் மோதிக்கொள்ளும் நெடுஞ்சாலைகளின் நடுவில் இரும்புக் கம்பிவடத்தை இழுத்துக் கட்டினார்கள், ஒரு பக்கம் இரண்டு தடம், மறுபக்கம் ஒரு தடம், கொஞ்ச தூரம் போனதும் அது மாறும். தூங்கிப்போனவன் எதிரே வரும் குடும்பத்தின் மேல் ஏறாமல் கம்பியில் மோதி நிற்கிறான். சிக்னல் இருந்த பல சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றினார்கள். ரவுண்டானாவில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், மோதினாலும் பக்கவாட்டில் உரசுவதோடு பெரும்பாலும் போய்விடும்.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். நம் நாட்டில் 2022-இல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். காருக்காகவே யோசித்த பாதுகாப்பு நமக்குப் பாதிதான் உதவும். அதனால்தான் நாடுகள் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது என்கிறேன், ஒருவர் செய்ததை இன்னொருவர் தன் ஊருக்கு வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சாலைப் பாதுகாப்புக்காக உலக நாடுகள் 2009-இல் மாஸ்கோவில் கூடின, 2011 முதல் 2020 வரை அதற்கான செயல்பாட்டுப் பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்தது, 2015-இல் பிரேசிலியாவில் கூடியபோது எழுதிய உறுதிமொழியில் இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. ஆனாலும் 2010-க்கும் 2021-க்கும் இடையில் உலகம் முழுக்கச் சாலைச் சாவு 5 சதவீதம்தான் குறைந்தது, இன்னும் வருஷத்துக்கு 11.9 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேசுவதால் மட்டும் ஒன்றும் நடக்காது, உண்மை. ஆனால் அதே காலத்தில் பத்து நாடுகள் பாதிக்கு மேல் குறைத்துவிட்டன. ஜப்பான், நார்வே, டென்மார்க்கோடு ஐக்கிய அரபு அமீரகமும் அதில் இருக்கிறது. நம் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் துபாயிலும் சார்ஜாவிலும் வண்டி ஓட்டுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். இங்கே ஒன்வேயில் எதிரே வரும் அதே ஆள் அங்கே கோடு தாண்டாமல் ஓட்டுகிறான். ரோடும் கேமராவும் அபராதமும் ஒன்றுசேர்ந்து அவனை அப்படி ஓட்ட வைக்கின்றன, விமானத்தில் போகும்போது அவன் புத்தி மாறிவிடவில்லை.

நம்மூர் உதாரணமே ஒன்று உண்டு, எழுதவே மனசு கனக்கிறது. 2025 ஜூலை 8, செம்மங்குப்பம் ரயில்வே கேட். பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அன்று முழுக்க ஊரில் ஒரே வாக்குவாதம், கேட் கீப்பர் தப்பா, வேன் டிரைவர் தப்பா என்று. விசாரணை அது பாட்டுக்கு நடக்க வேண்டியதுதான். ஆனால் அந்த கேட் 'இன்டர்லாக்கிங்' செய்யப்படாதது. இன்டர்லாக்கிங் என்றால் வேறொன்றுமில்லை, கேட்டைச் சாத்திப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும், கேட் திறந்திருந்தால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். கேட் கீப்பர் அசந்துபோனாலும், டிரைவர் அவசரப்பட்டுத் திறக்கச் சொன்னாலும், ரயில் சிவப்பைப் பார்த்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே ரயில் உலகத்துக்குத் தெரிந்த ஏற்பாடு இது. எந்த கேட்டுக்கு முதலில் செய்வது என்பதை, ஒரு நாளில் அந்த கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வண்டிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி வரும் கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அந்த வரம்பை 20,000-இலிருந்து 10,000 ஆகக் குறைத்து அறிவித்தார்கள். யார் தப்பு என்று மட்டும் கேட்டு நின்றிருந்தால் ஒருவரைக் கைது செய்வதோடு முடிந்திருக்கும், பக்கத்து கேட்டில் எதுவும் மாறியிருக்காது.

வண்டி விஷயமும் இதே கதைதான். லண்டனைச் சேர்ந்த குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை மோதிப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டது, பெரியவர்களைக் காப்பதில் ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம். அதுவரை ஷோரூமில் மைலேஜ் மட்டுமே கேட்ட நாம் அதற்கப்புறம் ஸ்டார் எத்தனை என்று கேட்க ஆரம்பித்தோம், 2023-இல் நமக்கே பாரத் என்கேப் வந்துவிட்டது. கார் போலவே ரோட்டுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடும் ஐராப் முறை இருக்கிறது. கர்நாடகத்தில் பெலகாவி–யரகட்டி இடையே 62 கிலோமீட்டர் சாலையை, உலக வங்கி உதவியோடு இந்த முறைப்படி திருத்தினார்கள், அங்கே சாவு பாதிக்கு மேல் குறைந்தது. ஓட்டியவர்கள் அதே பெலகாவிக்காரர்கள்தான்.

விபத்து நடந்த இடத்திலேயே போலீஸ்காரர் மொபைலில் பதிவு செய்யும் ஐராட் செயலியும் இப்படி வந்ததுதான், உலக வங்கிப் பணம், உருவாக்கியது சென்னை ஐஐடி. எந்த வளைவில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் அந்த வளைவைத் திருத்தச் சொல்லிக் கேட்க முடியும். டீக்கடைக்காரரின் ஞாபகத்தை வைத்து மனு போட முடியாதே.

அப்புறம், நாடுகளுக்கு இடையே ஒத்துழைப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது முள்ளோடைதான். கடலூரிலிருந்து வரும்போது அங்கே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிறது. எல்லை தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அதே எல்லையில்தான் வரிசையாகச் சாராயக் கடைகள், சாயங்காலம் கடலூர்ப் பக்கமிருந்து வந்து குடித்துவிட்டு அதே ரோட்டில் வண்டியில் திரும்புகிறார்கள். குடித்தவன் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் பஸ்ஸும் ஆட்டோவும் குறைந்துபோகும் நேரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியே கடைகளை வைத்து, வாசலில் பைக் நிறுத்த இடமும் விட்டால் அங்கே என்ன நடக்கும் என்று அனுமதி கொடுக்கும்போதே தெரியாதா? விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2021 டிசம்பரில் கொண்டுவந்தது, நல்ல திட்டம், ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். இருபது அடி தள்ளி விழுந்தால் வேறு அரசு, வேறு விதி. ஒரு ரோட்டின் இரண்டு முனையில் இருப்பவர்கள் சேர்ந்து உட்காராததால் என்ன ஆகும் என்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டு போகிறேன்.

அதனால் ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பிடிக்கட்டும். 2020 பிப்ரவரியில் உலக நாடுகள் ஸ்டாக்ஹோமில் கூடியபோது, நடப்பவர்களும் சைக்கிளும் வண்டிகளும் கலந்து போகிற இடத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்றார்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது, அந்த அடியை மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொன்ன அளவு அது. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலும் அரியாங்குப்பத்திலும் இருக்கும் உடம்பு ஸ்டாக்ஹோமில் இருப்பதைவிடக் கெட்டியானது இல்லை. 2030-க்குள் சாவைப் பாதியாக்குவது என்று இந்தியா உட்பட எல்லா நாடும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதை நம் ஊர் அலுவலகத்தில் போய்க் கேட்கும் உரிமை நமக்கு அதனால்தான் கிடைக்கிறது.

கேட்கவும் வழி உண்டு. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198ஏ என்ற பிரிவு வந்திருக்கிறது, ரோட்டை வடிவமைத்ததிலோ போட்டதிலோ குறை இருந்து அதனால் ஆள் செத்தாலோ ஊனமானாலோ பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சின்னது, ஆனால் ரோடு போட்டவருக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நாங்கள் மனுவோடு சரிவின் உயரத்தை டேப் வைத்து அளந்த படம், பேனர் மறைக்கும் படம், விழுந்தவர்களின் தேதி மூன்றையும் இணைத்தோம். மூன்று முறை போக வேண்டியிருந்தது. கடைசியில் கிராவல் கொட்டி, ஒரு வண்டி நின்று பார்க்கிற அளவுக்கு மேலே சமப்படுத்திக் கொடுத்தார்கள். பேனரை நாங்களே பேசி எடுக்க வைத்தோம்.