டிக்கெட் அண்ணாச்சி பதில்கள்: மடியில் போகிற பயணிகள்

பாளையங்கோட்டையில் 22 வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, கைப்பிள்ளையோடு வெளிநாடு போவதைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். பெரியவனுக்கு 4 வயது, எல்.கே.ஜி. சின்னவளுக்கு மே 14-ந் தேதி 2 வயது முடிகிறது. மே முதல் வாரம் போய், ஜூன் முதல் வாரம் திரும்பலாம் என்று நினைக்கிறோம். செலவு குறைய வழி சொல்லுங்கள். (அம்பாசமுத்திரம் வாசகி)

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த மே 14-தான்.

2 வயது முடியாத பிள்ளை மடியில் போகலாம். பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்குகிற கம்பெனிகள் உண்டு. மலிவு விலை விமானங்களில் கைப்பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வைத்திருப்பார்கள். 2 வயது முடிந்துவிட்டால் தனி சீட்டு வாங்க வேண்டும். வயதைப் பார்ப்பது டிக்கெட் போடுகிற தேதியில் அல்ல, பறக்கிற தேதியில். உங்கள் கணக்குப்படி சின்னவள் போகும்போது மடியில் போவாள், வரும்போது சீட்டு கேட்பாள்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்கிற நான் சொந்தப் பேத்தி விஷயத்தில் கோட்டை விட்டேன். சார்ஜாவிலிருந்து மகள் வந்திருந்தாள். "ஒரு வாரம் தள்ளிப் போம்மா, நெல்லையப்பர் ஆனித் தேரைப் பார்த்துட்டுப் போலாம்" என்று தேதியை மாற்றியதே நான்தான். அந்த ஒரு வாரத்துக்குள் பேத்திக்கு 2 வயது முடிந்துவிட்டது. விமான நிலையக் கவுண்டரில் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்த பெண், "பேபிக்கு சீட் போடணுமே சார்" என்றாள். அன்றைய விலைக்கு இன்னொரு டிக்கெட். "தேருக்கு வடம் பிடிக்கக் கொடுத்த காசு" என்று என் வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஆகவே, பயணத்தைப் பிப்ரவரி கடைசிக்கு இழுங்கள், மார்ச் கடைசியில் திரும்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் சின்னவள் மடியிலேயே வந்துவிடுவாள். பள்ளிக்கூட விடுமுறை ஆரம்பித்ததும் ஏறுகிற விலையிலிருந்தும் தப்பிக்கலாம். எல்.கே.ஜி. படிக்கிறவன் ஒரு மாதம் லீவு போட்டால் அவன் கலெக்டர் ஆவது ஒன்றும் தடைப்படாது.

அடுத்தது, எங்கிருந்து ஏறுவது? சென்னையில் ஆளுக்கு 2,000 ரூபாய் குறைகிறது என்று போனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் அவர்களை வாசப்படியிலிருந்து கணக்கெழுதச் சொல்வேன். அம்பையிலிருந்து நெல்லை, அங்கிருந்து ராத்திரி ரயில், எழும்பூரில் இறங்கி ஆட்டோ, விமானம் சாயங்காலம் என்றால் நடுவில் லாட்ஜ், பிள்ளைகளுக்குச் சாப்பாடு. எழுதி முடிப்பதற்குள் மிச்சம் பிடித்த காசு கரைந்திருக்கும். சிங்கப்பூருக்கு மதுரையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ நேர் விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நெல்லையிலிருந்து காரில் போனால் இரண்டுமே ஏறக்குறைய மூன்று மணி நேரம். திருச்சி தூரம்தான், ஆனால் சிங்கப்பூருக்கு அங்கே விமானம் அதிகம், அதனால் விலையை அங்கேயும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில் ஏறி சென்னை போய் மாறலாமே என்று கேட்பீர்கள். போகலாம், இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்தால். தனித்தனியாகப் போட்டு, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தப் பணம் போனதுதான். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கிற வேலையும் உங்கள் தலையில் விழும்.

மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் பெட்டிக்கு இடம் சேர்ந்திருக்காது. இரண்டு பிள்ளைகளோடு போகிறவர் பெட்டி இல்லாமல் போகப் போவதில்லை. டிக்கெட் போடும்போதே கிலோவை வாங்கிவிடுங்கள், கவுண்டரில் வாங்கினால் கண்ணைக் கட்டும். தள்ளுவண்டிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் காசு கேட்பதில்லை. சீட் தேர்வுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே பி.என்.ஆரில் இருக்கும் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. நம் நாட்டு விமானக் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது.

விசாவை மறந்துவிடாதீர்கள். மடியில் போகிறவளுக்கும் தனி விசா, அரசுக் கட்டணம் தலைக்கு 30 சிங்கப்பூர் டாலர். இறங்குவதற்கு முந்தின மூன்று நாளைக்குள் எல்லோருக்கும் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற பக்கம் வந்தால் அது அரசாங்கப் பக்கம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

ஐந்து மாதப் பிள்ளைக்கும் பாஸ்போர்ட் வேண்டுமா? அம்மா பாஸ்போர்ட்டில் பெயரைச் சேர்த்தால் போதாதா? (மேலப்பாளையம் வாசகர்)

அந்தக் காலம் மலையேறிவிட்டது தம்பி. பிறந்த பிள்ளைக்கும் தனிப் பாஸ்போர்ட்தான். சாதாரண முறையில் கட்டணம் 1,000 ரூபாய், 8 வயதுக்குக் கீழே என்பதால் பத்து சதவீதம் தள்ளுபடி. ஐந்து வருடம் செல்லும். நெல்லையிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது, மதுரைக்கு அலைய வேண்டாம். அப்பா, அம்மா இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். 4 வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நீங்களே கொண்டுபோக வேண்டும். வெள்ளை வேட்டியை விரித்துப் படுக்க வைத்து மேலேயிருந்து எடுங்கள், கண் திறக்கிற வரைக்கும் கிலுக்கை ஆட்டிக்கொண்டே இருங்கள்.

ஆள் திணறுவது பிறப்புச் சான்றிதழில். பெயர் வைக்காமலே பதிவு செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது. இன்னொன்று, இன்ஷியலை விரித்து அப்பா பெயரையும் முழுதாக எழுதுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, நம்ம பக்கம் எத்தனை பேர் பெட்டியும் கையுமாக நின்றார்கள் தெரியுமா?

துபாய்க்கு ஒன்றரை வயதுப் பையனோடு போகிறேன். அழாமல் இருக்கத் தூக்க மருந்து கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். (வள்ளியூர் வாசகி)

பக்கத்து வீட்டுக்காரரா கூட வரப் போகிறார்? டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். பிள்ளை அழுவது பெரும்பாலும் காது வலியால், அதுவும் விமானம் இறங்கும்போது. அந்த நேரம் எதையாவது சப்பி விழுங்கினால் காதடைப்பு விடும். தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுங்கள். தூங்கிக்கொண்டிருந்தாலும் இறங்க ஆரம்பித்ததும் எழுப்பிக் கொடுங்கள்.

100 மில்லி கட்டுப்பாடு பிள்ளையின் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். சோதனையில் தனியே எடுத்துக் காட்டுங்கள். ஏத்தங்காய் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொண்டுபோனால் கட்டியாகிவிடும், பொடியாகவே வைத்துக்கொண்டு வெந்நீர் மட்டும் கேட்டு வாங்குங்கள். நெய் வடிகிற அல்வா கைப்பையில் வேண்டாம், பெட்டிக்குள் போகட்டும். மசாலாப் பொடி கொடுத்துவிடுகிற அத்தைமாரிடம் ஒரு வார்த்தை: அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான்.

மருமகள் பத்து மாத இரட்டைப் பிள்ளைகளோடு மஸ்கட்டுக்குத் தனியாகப் போகிறாள். இரண்டையும் மடியில் வைத்துக்கொள்ளலாமா? டிக்கெட் காசு மிச்சமாகுமே. (கடையநல்லூர் ஆச்சி)

ஆகாது ஆச்சி. ஒரு பெரியவருக்கு ஒரு மடிப் பிள்ளைதான். இரண்டாவது பிள்ளைக்குச் சீட்டு வாங்கி, கம்பெனி ஒப்புக்கொள்கிற கார் சீட்டைக் கட்டி உட்கார வைக்க வேண்டும். அதற்கு எல்லாக் கம்பெனியும் சம்மதிப்பதும் இல்லை. தொட்டில் தருகிற விமானம் என்றாலும் பெரும்பாலும் 10, 11 கிலோவுக்கு மேல் தாங்காது, முன்கூட்டிச் சொல்லியும் வைக்க வேண்டும்.

அந்தச் சீட்டுக் காசோடு கொஞ்சம் போட்டால் இன்னொரு பெரியவர் டிக்கெட் வந்துவிடும். ஆளுக்கொரு மடி. ஆனால் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். மேலேயிருந்து தொங்கும் ஆக்ஸிஜன் முகமூடி, ஒரு பக்க வரிசைக்கு ஒன்றுதான் கூடுதலாக இருக்கும். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆச்சி, உங்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா? 60 தாண்டியவர்களுக்கும் பாஸ்போர்ட் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு.