'பிக் ஹீரோ 6' படத்தின் முடிவில் பேமேக்ஸ் எப்படித் திரும்பி வருகிறது?

போர்ட்டலுக்குள்ளேயே (வேறொரு வெளிக்குக் கொண்டுபோகும் வாசல்) தங்கிவிட்ட மருத்துவ ரோபோ பேமேக்ஸ் மறுபடி எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய உடல் திரும்பவில்லை. வந்தது அதற்குள் இருந்த பச்சை சிப்தான்.

கதாநாயகன் ஹிரோவின் அண்ணன் ததாஷி எழுதிய மருத்துவப் புரோகிராம் முழுக்க அதில்தான் இருக்கிறது. சண்டைக்காக ஹிரோ தனியாக ஒரு சிவப்பு சிப் செய்து சேர்க்கிறான். நடுவில் ஆத்திரத்தில் பச்சையைப் பிடுங்கிவிட்டு சிவப்பை மட்டும் விடுகிறானே, அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். அன்பான பேமேக்ஸ் ஒரே நொடியில் கொலைகார இயந்திரமாகிவிடும். என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிரே அந்த இடம்தான்.

போர்ட்டலில் பேமேக்ஸின் உந்துகருவிகள் பழுதாகிவிடுகின்றன. ஹிரோவையும் உள்ளே சிக்கியிருந்த அபிகெய்ல் என்ற பெண்ணையும் வெளியே தள்ள ஒரே வழி, ராக்கெட் போலப் பாயும் தன் முஷ்டியை ஏவுவது. "உன் கவனிப்பில் எனக்குத் திருப்தி" என்று ஹிரோ சொன்னால்தான் அது விடைபெறும், அழுதுகொண்டே சொல்கிறான். பிறகு அந்த முஷ்டிக்குள் பச்சை சிப் கிடைக்கிறது. புது உடலை ஹிரோவே கட்டுகிறான்.

காற்றடைத்த அந்த உடலும் வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த மென் ரோபோ (மென்மையான பொருளால் ஆன ரோபோ) ஆராய்ச்சியைப் பார்த்துத்தான் இயக்குநர் டான் ஹாலுக்கு அந்த யோசனை வந்தது.