ரோபோவைத் தொடாத ரோபோ ஆராய்ச்சி: வாசகர் கேள்வி-பதில்

கே: கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் முடித்த என் மகள் இங்கிலாந்தில் பிஹெச்.டி. சேர்ந்திருக்கிறாள். தானாக ஓடும் வண்டி, ரோபோ இதையெல்லாம் எப்படி நம்புவது என்பதுதான் ஆராய்ச்சியாம். ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன் பண்ணினால் வக்கீலோடு மீட்டிங், மனோதத்துவக்காரரோடு மீட்டிங் என்கிறாள். ஒரு ரோபோவையும் தொட்டதாகத் தெரியவில்லை. இது உருப்படியான படிப்புதானா?
- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

ப: உருப்படியான படிப்புதான் சார். அங்கே 2020-ல் அரசு நிதி 3.3 கோடி பவுண்டில் இதற்கென்றே ஒரு பெரிய திட்டம் தொடங்கினார்கள். சவுத்தாம்ப்டன், நாட்டிங்காம், லண்டன் கிங்ஸ் கல்லூரி மூன்றும் சேர்ந்து அதன் மையம். அதிலும் கம்ப்யூட்டர்காரர்களோடு சட்டம், மனோதத்துவம் படித்தவர்களையும் சேர்த்துத்தான் உட்கார வைத்தார்கள்.

காரணம் இருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், இரவு நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண் மீது ஊபர் கம்பெனியின் தானாக ஓடும் சோதனைக் கார் மோதி அவர் இறந்துபோனார். விசாரணை அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே ரேடார் அவரைப் பார்த்துவிட்டது, ஆனால் மென்பொருள் அவரை வண்டி என்றது, வேறென்னவோ என்றது, சைக்கிள் என்றது, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அவர் அதுவரை வந்த வழியைக் கணக்கிலிருந்து தூக்கிப் போட்டதால் எந்தப் பக்கம் போகிறார் என்பதே அதற்குப் பிடிபடவில்லை. கிராசிங் இல்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்று மென்பொருளை எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை. அது வோல்வோ கார், அதோடு வந்த தானியங்கி பிரேக்கையும் ஊபரின் மென்பொருள் ஓட்டும்போது அணைத்து வைத்திருந்தார்கள். டிரைவர் சீட்டில் கண்காணிக்க உட்கார்ந்திருந்தவரோ போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் மென்பொருளில் திருத்த முடிந்தது எவ்வளவு? மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கவனம் சிதறும் என்பது மனோதத்துவக்காரர் முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய விஷயம். கம்பெனி மீது கிரிமினல் வழக்கு வரவில்லை, 2023-ல் தண்டனை கண்காணிப்பாளருக்குத்தான், அதுவும் சிறை இல்லை, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. அது நியாயமா என்று கேட்கத்தான் வக்கீல். ஆள் எங்கே கடப்பார் என்பதற்கு, தீபாவளி வாரத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டையும், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் சாலையையும் கடந்து வளர்ந்த ஒருவர் மேசையில் இருக்க வேண்டும். உங்கள் மகள் மீட்டிங்கில் வாயைத் திறந்தாலே பாதி ஆராய்ச்சி நடந்துவிடும்.

கே: எங்கள் கல்லூரியில் நாலு துறை சேர்ந்து இதே மாதிரி ஒரு திட்டம். வேலையைவிட, ஆராய்ச்சிப் பேப்பரில் யார் பெயர் முதலில் என்ற சண்டைதான் அதிகம். என்ன செய்ய?
- ஒரு ஆராய்ச்சி மாணவர், வியாசர்பாடி

ப: தம்பி, பாதிச் சண்டை பழக்க வித்தியாசம். கம்ப்யூட்டர் துறையில் அதிகம் உழைத்தவர் முதலில், கைடு பெரும்பாலும் கடைசியில். கணிதத்தில் அகர வரிசை. சட்டத்துறையில் பெரும்பாலும் தனியாகத்தான் எழுதுவார்கள், ஆறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பார்த்தாலே சந்தேகப்படுவார்கள். எங்கே வெளியிடுவது என்பதிலும் இதே கதைதான், கம்ப்யூட்டர்காரருக்குக் கான்ஃபரன்ஸ், சமூகவியல்காரருக்கு ஜர்னல். அதனால் முதல் வரி எழுதும் முன்பே யார் பெயர் எங்கே, எந்தப் பேப்பர் யாருக்கு என்று பேசி, எல்லாருக்கும் மெயில் போட்டு வைத்துவிடுங்கள். முகதாட்சண்யம் பார்த்துத் தள்ளிப்போட்டால் பேப்பர் தயாரான பிறகு கெட்ட பேர்தான் மிஞ்சும். அப்புறம், டேட்டா சேகரித்து, பேட்டி எடுத்து, அதை டைப் அடித்த ஜூனியரின் பெயர் விட்டுப்போகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அங்கேதான் அநியாயம் நடக்கும். மற்றபடி யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்பதற்கெல்லாம் டீக்கடையில் ஒரு மணி நேரம் போதும்.

கே: மாதவரத்திலிருந்து வரப்போகும் மெட்ரோவில் டிரைவரே இல்லையாமே, நம்பி ஏறலாமா?
- ஒரு இல்லத்தரசி, மாதவரம்

ப: ஏறலாம்மா. காரும் இதுவும் ஒன்றல்ல. தனித் தண்டவாளம், குறுக்கே ஆளோ மாடோ வராது, பிளாட்பாரத்திலும் கண்ணாடிக் கதவு. டெல்லியில் 2020 டிசம்பரிலேயே டிரைவர் இல்லாத ரயில் வந்துவிட்டது. எனக்கு ரயிலைப் பற்றிக் கவலையில்லை, ராத்திரி பத்து மணிக்கு இறங்கிய பிறகு உங்கள் தெருவுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்குமா என்பதுதான் கவலை.