இருட்டை எங்கே விடுவது?

வாசகர் கேள்வி – பதில்

(இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரவு நகரக் காட்சி, எச்.டி.ஆர். (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களைச் சேர்த்து, பளிச்சென்ற இடமும் இருட்டும் ஒரே படத்தில் தெரிய வைக்கும் முறை), நண்பர்களுக்குள் நடக்கும் எடிட்டிங் போட்டி பற்றியவை. லென்ஸ் வாங்குவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: என் ஃபோனே எச்.டி.ஆர். படம் தந்துவிடுகிறது. பிறகு எதற்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே காட்சியை நாலைந்து தடவை எடுக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி

பெரும்பாலான படங்களுக்கு வேண்டியதில்லை அம்மா, ஃபோன் போதும். 2010-இல் ஐஃபோனுக்கு எச்.டி.ஆர். வந்தபோது, வெவ்வேறு எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவில்) எடுத்த படங்களைச் சேர்த்து ஒன்றாக்கியது. பின்னால் வந்த ஃபோன்கள் பல வேறு வழியில் போயின. வேண்டுமென்றே கொஞ்சம் இருட்டாகப் பல படங்களைப் படபடவென்று எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, சராசரி பார்த்து நாய்ஸைக் (இருட்டில் விழும் புள்ளிப் புள்ளியான குருணையைக்) குறைத்து, அதன் பிறகே நிழல்களைத் தூக்குகின்றன. விளக்கும் வெளுக்காது, சந்தும் தெரியும். கெட்டிக்கார வேலைதான்.

ஆனால் எல்லாவற்றையும் தெரிய வைப்பது ஒன்றுதான் ஃபோனுக்குத் தெரிந்த பாடம். இரவு நகரத்தின் அழகே பாதி தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. எந்த ஜன்னல் பேச வேண்டும், எந்தச் சுவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய ஆசைப்பட்டால் முக்காலியைத் தூக்குங்கள்.

கணக்கும் ஒன்று உண்டு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 14 ஸ்டாப் என்றால் 16,384 மடங்கு. இன்றைய நல்ல சென்சார்கள் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் (ஒளி உணர்திறன் அளவில்) ஏறக்குறைய அவ்வளவு தாங்கும். எரிகிற தெருவிளக்கும் அதன் பின்னால் இருக்கிற சந்தும் ஒரே படத்தில் வந்தால் அதுவும் பற்றாது. அங்கேதான் பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியைப் பல வெளிச்ச அளவில் எடுப்பது, வேலைக்கு வருகிறது.

கேள்வி: சிலர் 3 படம் என்கிறார்கள், சிலர் 9 என்கிறார்கள். எது சரி?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

எண்ணிக்கையை மறந்துவிட்டு இரண்டு முனைகளைப் பிடியுங்கள் சார். ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று கேமரா காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாத படம் ஒன்று, இடது ஓரத்தை விட்டு நகர்ந்து நிற்கிற படம் ஒன்று. நடுவில் இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் நிரப்பினால் போதும். உதாரணமாக 1/8 வினாடி, 1/2 வினாடி, 2 வினாடி, 8 வினாடி. நாலே படம். ரா ஃபைலாக (கேமரா பக்குவம் செய்யாத மூலக் கோப்பாக) எடுத்தால் ஒரு ஸ்டாப் இடைவெளியில் 9 படம் எடுப்பதெல்லாம் மெமரி கார்டுக்குச் செய்யும் தண்டச் செலவு. பல்பின் நடுப்புள்ளி மட்டும் வெளுத்தால் வெளுக்கட்டும். பல்பை நேரே பார்த்தால் நம் கண்ணுக்கும் அப்படித்தானே இருக்கிறது!

மாற்ற வேண்டியது ஷட்டர் வேகத்தை மட்டும். அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) மாற்றினால் ஃபோகஸ் ஆழம் மாறும், விளக்கைச் சுற்றி வரும் நட்சத்திரக் கதிர்களும் படத்துக்குப் படம் மாறும். (அப்பர்ச்சர் தகடுகள் இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர், ஒற்றைப்படை என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. 7 தகடு லென்ஸில் 14 கதிர்.) எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில் வையுங்கள். ஆட்டோ ஃபோகஸையும், முக்காலியில் இருக்கும்போது ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடுங்கள். இரண்டு வினாடி டைமர் போடுங்கள்.

எல்.இ.டி. விளம்பரப் பலகை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது நம் கண்ணுக்குத்தான் தொடர்ந்து எரிகிறது, உண்மையில் விட்டுவிட்டு எரிகிறது. வேகமான ஷட்டரில் எடுத்த இருட்டுப் படத்தில் பலகையில் பட்டை விழும், பாதி எழுத்து காணாமல் போகும். மென்பொருள் அந்தப் பாதிப் பலகையையும் மற்ற படங்களோடு சேர்த்துக் குழப்பிவிடும். ஐ.எஸ்.ஓ.வை 100-க்கு இறக்கி, எல்லாப் படத்திலும் ஷட்டர் மெதுவாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நேரம். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 4 முதல் 6 டிகிரி வரை இறங்கியிருக்கும்போது வானத்தின் நீலமும் விளக்குகளின் மஞ்சளும் ஏறக்குறைய சமமாக நிற்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு டிகிரிக்குச் சுமார் 4 நிமிடம், ஆக 8 நிமிடத்தில் கடை மூடிவிடும். அங்கிருந்து விலக விலக நேரம் நீளும். அந்தச் சில நிமிடங்களில் எடுத்தால் பல காட்சிகளுக்கு ஒரே ரா ஃபைல் போதும், எச்.டி.ஆர். தேவையே இல்லை. வானம் கறுத்த பிறகு கடை விரிப்பவர்களுக்குத்தான் இத்தனை படம் தேவைப்படுகிறது.

கேள்வி: கட்டடங்களின் ஓரமெல்லாம் வெள்ளையாக ஒளிவட்டம் வருகிறது. எந்த ஸ்லைடரைத் தொட்டால் போகும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

தொட்ட ஸ்லைடரைத் திரும்ப இறக்கினால் போகும்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த தடவை கை தானாகவே நிற்கும்.

எச்.டி.ஆர். ஃபைலில் இருக்கும் வெளிச்ச வித்தியாசம் சாதாரணத் திரையில் அடங்காது. அதை அமுக்கித் திரைக்குள் கொண்டுவருவதுதான் டோன் மேப்பிங். மொத்தப் படத்தையும் ஒரே அளவில் அமுக்கினால் எல்லாம் சாம்பல் பூத்துப் போகும். அதனால் மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தின் சராசரியோடு ஒப்பிட்டு, அதற்கேற்ப ஏற்றி இறக்குகிறது. நடுவானத்தில் சிக்கல் இல்லை. கூரை ஓரத்தில்தான் வம்பு. அங்கே இருக்கிற வானத்துப் புள்ளிக்கு அக்கம்பக்கத்தில் பாதி இருட்டுக் கட்டடம். சராசரி கீழே இறங்குகிறது. ‘அடடா, இது இருட்டான இடம் போலிருக்கிறது’ என்று மென்பொருள் அந்த வானத்தைத் தூக்கிவிடுகிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளை வட்டம். பக்கத்துக் கட்டடப் புள்ளிக்கு நேர்மாறாக நடந்து, அது இன்னும் கறுக்கிறது.

அறிஞர்கள் இதற்கு மருந்து தேடியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தைப் பார்க்கும்போது வெளிச்சத்தில் ரொம்பவும் மாறுபட்ட புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதே என்பது 2002-இல் டுராண்டும் டோர்சியும் சொன்ன வழி. எச்.டி.ஆர். ஃபைலே வேண்டாம், ஒவ்வொரு படத்திலும் நன்றாக வந்திருக்கும் பகுதிகளுக்கு அதிக மதிப்புக் கொடுத்து நேரடியாகக் கலந்துவிடு என்பது 2007-இல் மெர்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் மூவரும் சொன்னது. எக்ஸ்போஷர் ஃபியூஷன் என்று பார்த்தீர்களானால் அது இதுதான். ‘என்ஃபியூஸ்’ என்ற இலவச மென்பொருள் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. நகரக் காட்சிக்கு என் சிபாரிசும் இதுவே. ஒளிவட்டம் வெகுவாகக் குறையும்.

நான் இருட்டறையில் பிரிண்ட் போட்டுக் கைபழகியவன். கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையை என்லார்ஜர் (நெகட்டிவைத் தாளில் பெரிதாக விழ வைக்கும் கருவி) வெளிச்சத்துக்குக் குறுக்கே பிடித்து, நிழல் பகுதி கறுக்காமல் காப்பாற்றுவோம். அட்டையை அசைக்காமல் ஒரே இடத்தில் பிடித்தால் அதன் ஓரம் அப்படியே பிரிண்டில் விழும். அதுவும் ஒளிவட்டம்தான், மென்பொருள் இல்லாமலே வருவது! கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது. இன்று மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற உதவும் மறைப்பு) போடும்போது ஓரத்தை மென்மையாக்குகிறீர்களே, அதே வேலை.

கேள்வி: நாலு படத்தை ஒட்டி ஒரு படம் என்பது ஏமாற்று வேலை என்கிறார் என் மாமா. அவருக்கு என்ன பதில் சொல்ல?
– பள்ளி ஆசிரியை

1850களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடல் காட்சிகள் எடுத்தார். கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துப் போனது. அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, தொடுவானக் கோட்டில் சேர்த்து ஒரே தாளில் பிரிண்ட் போட்டார். மாமாவிடம் சொல்லுங்கள், ஏமாற்று என்றால் அது மிகப் பழைய ஏமாற்று.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் சிலர் எடிட்டிங் போட்டி தொடங்குகிறோம். ஒருவர் தன் நகரப் படத்தின் ரா ஃபைல்களைத் தருவார், மற்றவர்கள் எல்லோரும் அதையே எடிட் செய்ய வேண்டும். என்ன விதிகள் வைக்கலாம்?
– கட்டட வரைவாளர்

நல்ல காரியம். எல்லோர் கையிலும் ஒரே ஃபைல் இருக்கும்போது கேமராவைக் குறை சொல்ல முடியாது, வெளிச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் இருட்டை எங்கே விட்டார் என்பது மட்டும்தான் மிச்சம். போட்டி என்பதைவிட இது எட்டிப் பார்க்கும் வாய்ப்பு.

படம் எடுத்தவருக்கே உரிமை. எடிட் செய்த வடிவங்களைப் போட்டிக்கு வெளியே யாரும் போடக்கூடாது என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிடுங்கள். நட்பு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். படம் தந்தவர் தன் சொந்த வடிவத்தைக் கடைசிவரை காட்டக்கூடாது. காட்டினால் மற்ற எல்லோரும் அவரையே காப்பி அடிப்பார்கள். சேர்த்து முடித்த ஃபைலைத் தராமல் எல்லா எக்ஸ்போஷரையும் தனித்தனியாகத் தரச் சொல்லுங்கள்.

வானத்தை மாற்றலாமா, நிலா ஒட்டலாமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எனக்குப் பிடிக்காது, ஆனால் உங்கள் போட்டி. ஒட்டுவதானால் ஒழுங்காக ஒட்டச் சொல்லுங்கள். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம்தான். நகரம் முழுக்கத் தெரிகிற வைட் லென்ஸ் படத்தில் அது ஒரு பொட்டளவு இருக்கும், கோபுரத்தை விழுங்கும் அளவுக்கு வராது. முழுநிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உதிக்கும். அந்திச் சிவப்புக்குப் பக்கத்திலேயே முழுநிலாவை மாட்டிவிட்டு ஓட்டுக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் ஒரே அளவில், எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான வண்ண அமைப்பில் சேமித்துத் தர வேண்டும். வேறு வண்ண அமைப்பில் சேமித்த படம் சில செயலிகளில் சோகை பிடித்தாற்போல் தெரியும். பெயர்களை மறைத்துவிட்டு ஓட்டெடுங்கள். படத்தோடு மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: எதை ஏற்றினேன், எதை அடக்கினேன், ஏன். அந்த மூன்று வரியில் கற்றுக்கொள்வது ஓட்டு எண்ணிக்கையில் கிடைக்காது.

பரிசா? ஜெயித்தவர் அடுத்த படத்தைத் தர வேண்டும். அவ்வளவு போதும்.

கேள்வி: அடக்கமாக எடிட் செய்கிற நான் எப்போதும் தோற்கிறேன். கண்ணைப் பறிக்கும் நிறங்களே ஜெயிக்கின்றன. நானும் அப்படியே மாறிவிடட்டுமா?
– மென்பொருள் பொறியாளர்

ஓட்டெடுப்பைப் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டங்களாக எல்லாப் படத்தையும் அடுக்கிக் காட்டினால், சாச்சுரேஷனை ஏற்றியவர்தான் ஜெயிப்பார். சந்தைக் கூச்சலில் உரக்கக் கத்துபவன் குரல்தானே முதலில் கேட்கும்! படங்களை ஒவ்வொன்றாக, திரை நிறையக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் முதல் நாள் ஒரு ஓட்டு, மறுநாள் ஒரு ஓட்டு. இரண்டும் வேறாக வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் ஒன்று, அடக்கம் வேறு, சோம்பல் வேறு. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களிலும் கட்டடங்கள் பின்னால் சாய்ந்து நிற்கின்றன. செங்குத்துக் கோடுகளை நிமிர்த்தவில்லை. சோடியம் விளக்கின் ஆரஞ்சும் எல்.இ.டி.யின் வெள்ளையும் ஒரே தெருவில் கலந்து கிடக்கின்றன, மொத்தத்துக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறச்சாயலைத் திருத்தும் அமைப்பு) போட்டுவிட்டீர்கள். இரண்டுக்கும் தனித்தனி மாஸ்க் வேண்டும். பழைய தாழ்வழுத்த சோடியம் விளக்கு கிட்டத்தட்ட 589 நானோமீட்டர் மஞ்சளை மட்டுமே உமிழும். அதன் கீழ் நிற்கிற பச்சைக் காரை எந்த ஸ்லைடரும் பச்சையாக்கித் தராது. அதை மஞ்சளாகவே விடுங்கள், இல்லையென்றால் நிறத்தையே உருவிவிடுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் தோற்றால் எனக்கு எழுதுங்கள், உங்கள் நண்பர்களைத் திட்டி ஒரு பதில் போடுகிறேன்.

கேள்வி: இரவில் எடுத்த ஈஃபில் கோபுரப் படத்தைப் போட்டிக்குத் தரலாமா? கூடாது என்கிறார்களே?
– பயணப் பிரியர்

நண்பர்களுக்குள் என்றால் தாராளமாகத் தரலாம். சிக்கல் வியாபாரத்தில். ஈஃபில் 1923-இல் இறந்துவிட்டார், கோபுர வடிவத்தின் காப்புரிமை எப்போதோ முடிந்தது. இரவு விளக்கு அலங்காரம் தனிப் படைப்பாகக் கருதப்படுகிறது. அந்தப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கோபுர நிர்வாகத்தின் அனுமதி கேட்க வேண்டும். பகலில் எடுத்ததற்கு அந்தத் தொல்லை இல்லை. மற்ற நாடுகளில் விதி வேறு வேறு. விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் விசாரியுங்கள்.

கேள்வி: மேம்பாலத்தில் நின்று எடுத்த படங்களைச் சேர்த்தால் கார் விளக்குகளின் கோடுகள் துண்டு துண்டாக வருகின்றன.
– மருந்தாளுநர்

சேர்க்கும்போது ‘டீகோஸ்ட்’ என்ற வசதியை முழுதாக ஏற்றியிருப்பீர்கள். அசைந்ததையெல்லாம் அழிப்பது அதன் தொழில், கார்க் கோட்டையும் அழிக்கப் பார்க்கிறது. அதை அணைத்துவிட்டுச் சேருங்கள். பிறகு நீண்ட நேர (உதாரணமாக 8 வினாடி) படத்தை எடுத்து மேல் லேயராக வைத்து, பிளெண்ட் மோடை (லேயர்கள் கலக்கும் விதத்தை) ‘லைட்டன்’ ஆக்கி, சாலைக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். இருண்ட சாலைமேல் கோடுகள் மட்டும் ஏறி உட்காரும். கோடு போதவில்லை என்றால் அதேபோல் இன்னும் சில 8 வினாடி படங்களை அடுக்கலாம்.

மேம்பாலம் என்கிறீர்கள். லாரி போனால் பாலமே அதிரும், அந்த 8 வினாடி படம் மங்கிப்போகும். முக்காலியைப் பாலத்தின் நடுவில் வைக்காமல், கீழே தூண் தாங்குகிற இடத்துக்கு நேர் மேலே வையுங்கள்.