டைல்ஸ் ஒட்டுவதற்கு முந்தைய நாள்

அபார்ட்மென்ட் சைட்டில் வேலை எடுத்திருக்கிறேன். பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்கிறார்கள். என்ன எழுதுவது?
– ஒப்பந்தக்காரர், ஈரோடு

நெட்டில் கிடைப்பதை அப்படியே பிரிண்ட் எடுத்து நீட்டாதீர்கள். பத்துப் பக்கம் இருக்கும், உங்கள் கட்டிங் மெஷின் அதில் இருக்காது. முந்தைய நாள் போய் இடத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கே உட்கார்ந்து வெட்டப்போகிறோம், தண்ணீர் எங்கிருந்து வரும், கரண்ட் எந்த பாயின்ட்டில், பெட்டிகளை எந்த வழியாக ஏற்றுவது, அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி. இவற்றுக்குப் பதில் எழுதினால் ஒரு பக்கம் வரும், அதுதான் திட்டம். ஆகும் செலவைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள். ரேட் பேசி முடித்த பிறகு மாஸ்க்குக்குக் காசு கேட்டால் யார் தருவார்கள்?

ஹாலுக்குள்தான் வெட்டுகிறோம். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வேன். இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே?
– மேஸ்திரி, திண்டுக்கல்

வேலை முடிந்து புருவத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, அதைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. டைல்ஸ் வெட்டும்போது கிளம்பும், கண்ணுக்கே தெரியாத சிலிக்காத் தூள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. துண்டு அதைத் தடுக்காது. அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது, காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் கூடும்.

தூசியைக் கிளம்பும் இடத்திலேயே தண்ணீர் விட்டு அடக்க வேண்டும். வெட்டும் இடத்தைப் பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ மாற்றுங்கள். நேர்வெட்டுக்குக் கீறி உடைக்கும் கை கட்டர் இருக்கிறது. கரண்டும் வேண்டாம், தூசியும் மிகக் குறைவு. இதெல்லாம் செய்த பிறகுதான் என்95 மாஸ்க். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். சாயங்காலம் காய்ந்த தூளை விளக்குமாறால் பெருக்காதீர்கள், நனைத்து அள்ளுங்கள். சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை வெட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், பல பலகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்காதான். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதைத் தடையே செய்துவிட்டது. நீங்கள் டாக்டரிடம் போய், என்ன தொழில், எத்தனை வருஷம் என்று சொல்லி மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடுங்கள்.

நாலு இன்ச் மெஷினில் வெட்டும்போது பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஷாக் அடிக்காதா? பிளேடை மறைக்கும் கார்டையும் கழற்றி வைத்திருக்கிறார்கள்.
– கையாள், ராணிப்பேட்டை

அடிக்கும் தம்பி. உங்கள் நாலு இன்ச் மெஷின் சாதாரண கிரைண்டர், தண்ணீருக்கென்று செய்ததில்லை. தண்ணீர்க் குழாயோடு வரும் கட்டரோ டேபிள் கட்டரோ வேண்டும். எதுவானாலும் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் வழியாகத்தான் கரண்ட் எடுக்க வேண்டும். வயர் நுனியைச் சொருகித் தீக்குச்சியால் இறுக்கும் வித்தை வேண்டவே வேண்டாம். கார்டு இருந்தால் கோடு தெரியவில்லை என்பார்கள், நானும் சொன்னவன்தான். என் இடது கட்டைவிரல் தழும்பு அந்த வருஷத்து ஞாபகம். பிளேடு நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது, உடைந்தால் விலக நேரம் இருக்காது. கண்ணாடியும் போட்டுக்கொள்.

எங்கள் வீட்டில் வேலை செய்த அண்ணனுக்கு முட்டியெல்லாம் புண். சிமெண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்.
– வீட்டுக்காரர், தாம்பரம்

ஒவ்வாமையாகவும் இருக்கலாம், சிமெண்டில் உள்ள குரோமியம் அதைக் கிளப்பும். ஆனால் முட்டி என்பதால் சுட்ட புண்ணாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை 12, 13 பிஎச். கலவையில் நனைந்த பேன்ட்டோடு முட்டி போட்டால் அப்போது வலிக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் எரியும். அடுத்த முறை நனைந்த துணியை உடனே கழற்றி, குழாயடியில் 20 நிமிஷம் கழுவச் சொல்லுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம். இப்போதைக்கு டாக்டர் பார்க்கட்டும். நீர் புகாத முட்டிப் பட்டை வாங்கிக் கொடுத்தால் முட்டி வீக்கத்துக்கும் நல்லது.

இரண்டுக்கு நான்கடி டைல்ஸ், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
– மேஸ்திரி, நாகர்கோவில்

ஒன்பது மில்லிமீட்டர் கனமென்றால் ஒரு டைலே சுமார் 15 கிலோ. இரண்டு போட்ட பெட்டியைத் தலையில் வைக்காதீர்கள், பிரித்து இரண்டு பேராக நிறுத்திப் பிடித்து ஏற்றுங்கள். ஏற்றுகூலியைத் தனியாகப் பேசுங்கள்.

ஆசிட் ஊற்றிக் கழுவிய தரையில் பிளீச்சிங் பவுடர் போட்டோம், கண் எரிந்து இருமல் வந்தது.
– இல்லத்தரசி, கரூர்

அது குளோரின் வாயு. இரண்டையும் எப்போதும் சேர்க்காதீர்கள். உடனே வெளியே வந்துவிட வேண்டும், கதவு ஜன்னல் வழியில் இருந்தால் திறந்துவிட்டு வரலாம். இருமல் நிற்கவில்லையென்றால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.